புள்ளி விழுந்த வீடு

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். எங்கள் தொழிலில் தீர விசாரிக்க நேரமே கிடையாது.

ஆட்டின் கழுத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி கட்டுவோம். அது அவ்வப்போது விழிக்கும். கண் சிமிட்டுவதற்குள் செயற்கைக்கோள்களின் சிக்னலில் ஒரு துளியைப் பதிவு செய்து, அதை எங்களுக்கு அனுப்பிவிட்டு மறுபடி தூங்கிவிடும். அதனால்தான் பேட்டரி மாதக்கணக்கில் உழைக்கிறது. அந்தத் துளியை வைத்து உதியன்குளங்கரையில் எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஆடு நிற்கிற இடத்தைக் கணக்குப் போட்டு, ஆட்டுக்காரரின் போனில் ஒரு புள்ளியாகக் காட்டும். அந்தப் புள்ளிக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். போன் அடித்தாலே எடுக்கப் பயப்படுகிறவர்களே, நீங்கள் எந்த வேலையில் இருந்தாலும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான்.

கடலில் நின்ற ஆடு

எங்கள் ஊரான செங்கலில் ஆடு வளர்க்கும் சத்யதாஸ் அண்ணனின் கிடா ஒரு காலையில் பூவாறுக்கு அப்பால் கடலுக்குள் போய் நின்றது. அதாவது, புள்ளி நின்றது. கருவியின் கடிகாரம் பிந்தி ஓடியிருக்கிறது. நேரம் தப்பினால், செயற்கைக்கோள் அப்போது வானத்தில் எங்கே இருந்தது என்பதும் தப்பும், பிறகு கணக்கு மொத்தமும் சரியும். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது பதறிப்போய் நானே அவரைக் கூப்பிட்டேன்.

"மக்கா, ஆடு எனக்க காலுகிட்ட நின்னு பிலாயில திங்குதாக்கும். கடல்ல நிக்கது ஆருக்க ஆடுன்னு பாத்து சொல்லு."

வட்டம்

கடிகாரம் ஒழுங்காக ஓடினாலும் ரப்பர் மரங்களுக்கு அடியில் சிக்னல் மங்கிவிடும். புள்ளி நாலு வீடு தள்ளிக்கூட விழும். அதனால் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தோம். ஆடு இதற்குள் எங்கேயாவது நிற்கும் என்று அர்த்தம். முதலாளி ஜெயனுக்கு அந்த வட்டம் பிடிக்கவில்லை. அவரும் எங்கள் ஊர்க்காரர்தான், என் வீட்டுக்கு அடுத்த வீடு. "எடுக்காதீங்க சாரே, ஒருநாள் ஆராவது அடி வாங்குவான்" என்று கெஞ்சிப் பார்த்தேன். எடுத்துவிட்டார்.

"வட்டம் போட்டா நமக்கே தெரியாதுன்னு ஆளுவ நினைக்கும்டே. ஒரு புள்ளி போதும். நீ சும்மா கிடந்து பேடிக்காத."

தையல்காரர் வாசல்

நான் பயந்தபடியே ஆயிற்று. காணாமல்போன ஒரு ஆட்டின் புள்ளி, ரப்பர் தோட்டத்தை ஒட்டித் தனியாக இருக்கும் தையல்காரர் ஸ்டீபன் வீட்டு மேல் விழுந்தது. ஆட்டுக்காரர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கம்போடு போய்விட்டார். புள்ளி தள்ளி விழுந்திருக்கும் என்று சொல்லப் போன் மேல் போன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. அவர்கள் கட்டிலுக்கு அடியில்கூடத் தேடினார்களாம், ஸ்டீபனின் சட்டையைப் பிடித்தார்களாம். கடைசியில் ஆடு தோட்டத்து வேலிக்கம்பியில் கொம்பு மாட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது.

சாயங்காலம் மன்னிப்புக் கேட்கப் போனேன். ஸ்டீபன் தைத்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

"ஆடு கிடைச்சாச்சு. என்னக் கள்ளன்னு விளிச்சதுல்லா, அத எந்தக் கம்ப்யூட்டரு திருப்பி எடுக்கும்?"

என் வீடு

அதற்குப் பிறகு ஒவ்வொரு புள்ளியும் யார் வீட்டு மேல் விழுகிறது என்று பார்த்துப் பார்த்தே எனக்குச் சோறு இறங்காமல் போயிற்று. ஒருநாள் மத்தியானம் சத்யதாஸ் அண்ணனின் கிடா நிஜமாகவே காணாமல் போனது. கணக்கு ஓடி முடிந்தது. புள்ளி என் வீட்டுக் கூரை மேல் நின்றது. உள்ளே மனைவி ஷீலாவும் கைக்குழந்தையும் மட்டும். நான் பார்த்த அதே நிமிஷம் அவரும் போனில் பார்த்திருப்பார். ஷீலாவைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. பைக்கை விரட்டினேன்.

முற்றம் நிறைய ஆட்கள். அன்று பலா இலைக் கதை சொன்ன அதே சத்யதாஸ் அண்ணன் கையில் கம்பு. ஷீலா குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள். அவளுக்கு முன்னால், படியில் கையை விரித்து மறித்துக்கொண்டு, கழுத்தில் அளவு நாடாவோடு ஸ்டீபன்.

"இந்தப் புள்ளி எனக்க வீட்டுலயும் விழுந்ததாக்கும். அண்ணைக்கு எனக்கு ஆரும் வரல்ல. இண்ணைக்கு ஆளுவ கம்போட வாறத பாத்து நான் வந்தேன். முதல்ல பறம்புல போய் தேடுங்க, பொறவு இந்தப் படியில ஏறுங்க."

கிடா வீட்டுக்குப் பின்னால் இருந்த பறம்பில், மரச்சீனிக் கிழங்குச் செடிகளுக்குள் படுத்துக் கிடந்தது. மறுநாள் யாரையும் கேட்காமல் வட்டத்தைத் திரும்பப் போட்டுவிட்டேன். இப்போது என் வீட்டின் மேல் புள்ளி விழுந்தால் முதலாளி வீடும் வட்டத்துக்குள்தான் வருகிறது. அடுத்த புள்ளி தன் வீட்டு மேலேயே விழலாம் என்று அவருக்கும் புரிந்துவிட்டது போல, வட்டத்தை எடுக்கச் சொல்வதில்லை.