பூட்டைக் கழற்றச் சொன்ன நர்ஸ்

தொண்ணூறுகளில், முதுமை மறதியைக் கண்டறியப் பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர் வாழவந்தியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒல்லியானவர், செருப்பெல்லாம் செம்மண். யார் பேசினாலும் நோயாளியின் முகத்தை மட்டுமே பார்ப்பார். அப்பாவிடம் அவர் கேட்டதற்கெல்லாம் அண்ணனே பதில் சொன்னான்.

“ஏனுங்க, நோவு உங்களுக்கா, அவருக்கா?” என்றார், திரும்பாமலே.

“வேணும்னே நடிக்கறாருங்க.”

“நடிப்பில்லீங்க, நோய்.”

அண்ணி காப்பி கொண்டுவந்தார். நர்ஸ் வாங்கவில்லை. அப்பாவின் அறைக்கதவில் தொங்கிய பூட்டைக் காட்டினார்.

“எப்பவோ விட்ட எஸ்டேட் வேலைக்குன்னு கெளம்பி ஓடிடறாருங்க,” என்றான் அண்ணன்.

“ஓடுனா கூடப் போங்க. அதைக் கழட்டுனாத்தான் இந்த ஊட்டுல காப்பி குடிப்பேன்.”

முணுமுணுத்தபடி அண்ணன் கழற்றினான். ஆறிய காப்பியை அவர் நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

அன்றுதான் அப்பாவைப் பார்த்தவருக்கு வந்த அந்தக் கோபம், பெற்ற பிள்ளையான எனக்கு ஏன் வரவில்லை?