செல்வலட்சுமிக்கு 1,280 கலோரி

கோவில்பட்டி மார்க்கெட் ரோட்டில் விதை, உரக்கடை வைத்திருக்கும் இசக்கிதுரை அண்ணாச்சிக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான், ஊசி. கொரோனா முகாமில் வியாபாரிகள் சங்கமே வரிசையில் நிற்க, நர்ஸ் பஞ்சால் தோளைத் துடைத்ததற்கே கண் சொருகிச் சாய்ந்த மனுசன். அவரிடம் போய் டாக்டர், "மூணு மாசத்துல ஆறு கிலோ குறைக்கணும். இல்லேன்னா தினமும் இன்சுலின் ஊசிதான்" என்று சொன்னால் எப்படியிருக்கும்?

டாக்டர் ஒரு வழியும் சொல்லியிருந்தார். உடம்பு ஒரு நாளைக்கு எத்தனை கலோரி செலவழிக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதைவிடக் கொஞ்சம் கம்மியாகச் சாப்பிட வேண்டும். போனில் அதற்கொரு கணக்கு இருந்தது. வயசு ஐம்பத்தெட்டு, எடை தொண்ணூற்றிரண்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, உங்கள் உழைப்பு எப்படி என்று கேட்டது. அண்ணாச்சி யோசிக்கவே இல்லை, 'கடும் உழைப்பு' என்பதை அமுக்கினார். பின்னே? புரட்டாசி விதைப்புச் சமயம். பசுவந்தனை, நாகலாபுரத்து ஆட்களெல்லாம் உளுந்து விதைக்கும் மக்காச்சோள விதைக்கும் வந்து மொய்க்கிறார்கள். அன்றைக்கு மட்டும் அவர் அறுபது மூட்டை உரம் இறக்கியிருந்தார். முதுகில் சுமந்து இறக்கினது வேலையாள் வெயிலுமுத்துதான். ஆனால் "ஏலே, பாத்து, பாத்து" என்று நாற்காலியில் இருந்தபடி தொண்டை வறளக் கத்தினது யார்? வேர்வை ரெண்டு பேருக்கும்தானே வந்தது. போன் 2,874 என்று காட்டியது.

அடுத்து மனைவி செல்வலட்சுமிக்கும் போட்டார்.

"ஏட்டி, ஒனக்கு என்ன உழைப்புன்னு போட?"

"நான் என்ன செய்யுதேன்னு ஒங்களுக்குத் தெரியாதாக்கும்" என்றாள் அவள் அடுப்படியிலிருந்து.

"சும்மா வீட்லதான இருக்க" என்று சொல்லிக்கொண்டே 'உட்கார்ந்தே இருப்பவர்' என்பதை அமுக்கினார். 1,280 வந்தது. ரெண்டு கணக்கையும் காலண்டர் தாளின் பின்பக்கம் கொட்டை எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினார். அதோடு விட்டாரா, போட்டோ பிடித்து சங்கத்து வாட்ஸ்அப்பிலும் போட்டார். பதினெட்டு பேர் கும்பிடு அனுப்பினார்கள்.

பதினைந்து நாள் ஒழுங்கு தப்பாமல் சாப்பிட்டார். சாயங்காலம் கூட்டிப் பார்த்து இருநூறு கலோரி துண்டு விழுந்தால், உடம்பு வாடிவிடக் கூடாதே என்று கடலைமிட்டாயால் நிரப்பினார். பதினாறாம் நாள் எடை பார்த்தால் தொண்ணூற்றி நாலு. அண்ணாச்சிக்கு ஊசி கண் முன்னால் வந்து நின்றது.

"எண்ணெயக் கொண்டு ஊத்துதா. சும்மா வீட்ல இருக்கவளுக்கு, ஒரு மனுசனுக்கு அளவா ஆக்கிப்போடத் தெரியல" என்று கடையில் நாலு பேர் இருக்கும்போதே சொன்னார். காப்பி கொண்டுவந்த செல்வலட்சுமி காதில் அது விழுந்தது. கடை கீழே, வீடு மாடியில், நடுவில் பத்தொன்பது படி. அன்றைக்கு அவள் இறங்கி வந்தது அது ஏழாவது தடவை. அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. தம்ளரை மேசையில் வைத்துவிட்டு ஏறிப் போனாள்.

மறுநாள் காலையில் அண்ணாச்சிக்குக் காப்பி வரவில்லை. எழுந்து போய்ப் பார்த்தால், தலைசீவிப் பூ வைத்துச் செல்வலட்சுமி கடைச் சாவியோடு நிற்கிறாள்.

"எங்கட்டி கெளம்பிட்ட?"

"நான் உக்காந்தே இருக்கவன்னு எழுதி ஒட்டியிருக்கியள்லா. உக்காந்து பாக்குத வேலை இந்த வீட்ல ஒண்ணுதான் இருக்கு. அது கீழ இருக்கு, நான் போய்ப் பாத்துக்கிடுதேன். கடும் உழைப்பெல்லாம் மேல கெடக்கு. அத நீங்க பாருங்க."

மதியத்துக்குள் தானாக ஏறி வந்துவிடுவாள் என்று அண்ணாச்சி சிரித்தார். அன்றைக்கென்று பார்த்து தண்ணீர் வருகிற நாள். எட்டு நாளைக்கு ஒருதரம் வரும், மாடிக்கு ஏறாது, வாசல் குழாயில் பிடித்துச் சுமக்க வேண்டும். இருபத்திரண்டு குடம். நாலாவது குடத்திலேயே அண்ணாச்சி படியில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் துவைக்க, மாவாட்ட, பாத்திரம் தேய்க்க. ஓட்டல் சாப்பாட்டை டாக்டர் ஆகாதென்று சொல்லியிருந்தார். வேலைக்கு ஒரு பொம்பளையைக் கூட்டிவந்தார். அவள் படியைப் பார்த்தாள், குடத்தைப் பார்த்தாள், "இம்புட்டையும் அக்கா ஒத்தையிலயா பாத்தாவ" என்று கேட்டுவிட்டுப் போனவள்தான், திரும்பவில்லை. இதற்கு நடுவில் கீழேயிருந்து போன் வரும், "ஒரு காப்பி கொண்டாங்க."

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டால் தீர்ந்தது சங்கதி. கிழிப்பாரா? கணக்கு தப்பு என்று சங்கத்துக்கல்லவா ஒத்துக்கொள்ள வேண்டும். வீம்புக்குச் செய்தார். கடையும் ஒன்றும் முழுகிவிடவில்லை. இருபத்தெட்டு வருசமாகக் காதில் விழுந்த விதைப் பேரெல்லாம் செல்வலட்சுமிக்குத் தண்ணீர்பட்ட பாடு. யாரும் கத்தாததால் வெயிலுமுத்து நிம்மதியாக மூட்டை இறக்கினான்.

மூணு மாசக் கெடு முடிந்து ரெண்டு பேரும் டாக்டரிடம் போனார்கள். எடை எண்பத்தாறு. ரத்தச் சோதனைத் தாளை ரெண்டு தடவை பார்த்த டாக்டர், "ஊசி வேண்டாம் அண்ணாச்சி" என்றார். அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஜிம்முக்குப் போனீங்களா?"

"இல்ல டாக்டர்."

"கடையில மூட்டை தூக்குனீங்களோ?"

"கடைக்கே போகல."

"பின்னே என்னதான் செஞ்சீங்க?"

அண்ணாச்சி பக்கத்தில் இருந்த செல்வலட்சுமியைப் பார்த்தார். அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது படியும் இருபத்திரண்டு குடமும் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. சொன்னால் கணக்கு தப்பென்று ஆகிவிடுமே. இருபத்தெட்டு வருசமாக வாயில் பழகின பதில் தானாக வந்தது.

"சும்மா வீட்லதான் இருந்தேன் டாக்டர்."

டாக்டர் சிரித்துவிட்டு, மூணு மாசம் கழித்து வரச் சொன்னார். செல்வலட்சுமி சிரிக்கவில்லை. ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப இன்னும் மூணு மாசம் சும்மாவே இருங்க" என்றாள்.