குதிரையின் கண்மறைப்பும் பழனியப்பனின் தொப்பியும்

போன செவ்வாய்க்கிழமை மோகனூர் ரோட்டில் ஒரு பெண் சாகவில்லை. அதற்காக நானோ என் நண்பரோ பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன் – பத்திரிகைக்காரனுக்கு வேறு எப்படிச் சொல்லத் தெரியும்?

மோகனூரில் வாழையும் கரும்பும் பயிரிடும் பழனியப்பன் என் நீண்டநாள் சிநேகிதர். அந்த வட்டாரத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் ஒரே விவசாயி. போன மாதம் நாமக்கல்லில், சந்திலிருந்து பாய்ந்து வந்த நாயைத் திரும்பிப் பார்த்தார். ஹேண்டில் பாரும் கூடவே திரும்பியது. தலையில் ஆறு தையல்.

தையல் பிரித்த கையோடு சேலத்துக்குப் போனார். ஜட்கா குதிரைகளுக்குச் சேணம் தைக்கும் ஒருவரிடம் தோல் தொப்பி செய்யச் சொன்னார். துரைமார் ஹெல்மெட் என்கிறார்களே, அது. கனத்த தோல், உள்ளே பஞ்சு, தாடைக்குக் கீழே வார்... வேலையில் குறை சொல்ல இடமில்லை.

ஆனால் தொப்பியோடு நிற்கவில்லை. பக்கத்தில் போவது தெரியாமலிருக்க ஜட்கா குதிரையின் கண்ணோரம் இரண்டு தோல் மறைப்பு கட்டுவார்கள் அல்லவா? அதையும் சேர்த்துத் தைத்து வாங்கிவிட்டார்.

"இது எதற்கு?" என்று கேட்டேன்.

"குதிரைக்கு எதுக்குங்க கட்றாங்க? மெரளாம இருக்கத்தான? அன்னிக்கி நானும் மெரண்டுதான உழுந்தேன். இனி நாய் வந்தாத் தெரியாது. தெரியலீன்னா மெரள்றதுக்கு என்னங்க இருக்குது?"

கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டினேன். அதையும் இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு நாமக்கல்லிலிருந்து புறப்பட்டோம். பின்னால் கேரியரில், மடித்துப் போட்ட சாக்கின் மேல் நான். ஆறு மைல் ஒரு குறையும் இல்லை.

இடப்பக்கம் சோளக்காட்டில் அறுப்பு. அங்கிருந்து ஒரு சோளத்தட்டுக் கட்டு ரோட்டை நோக்கி நடந்து வந்தது. கட்டுக்குக் கீழே இரண்டு கால்கள். முகத்தின் இருபுறமும் தட்டு தோள்வரை தொங்கியது.

நான் பார்த்துவிட்டேன். பழனியப்பனும் பார்த்திருப்பார் என்று நினைத்தேன்... பட்டப்பகல், வெட்டவெளி, ஒரு வண்டி அகலத்துக்குக் கட்டு – யாருக்குத் தெரியாது?

வண்டியின் வேகம் குறையவில்லை. கட்டும் நிற்கவில்லை.

அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். "ஆளு, ஆளு" என்றேன். பிரேக் கத்தியது. வண்டி சறுக்கியது. கட்டு விழுந்தது. முன்சக்கரம் அந்தக் கட்டின்மேல் ஏறி நின்றது.

சக்கரத்துக்கும் கட்டைச் சுமந்துவந்த பெண்ணின் காலுக்கும் நடுவே இரண்டு சாண். பிறகு அளந்து பார்த்தேன்.

"அடி பட்டுதா, ஆத்தா?" என்றார் பழனியப்பன்.

அவள் பெயர் பாவாயி. கூலிக்கு அறுக்க வந்தவள். அவருடைய தொப்பியை மேலும் கீழும் பார்த்தாள்.

"அடி படலீங்க. சத்தங் கேட்டுது, எந்தப் பக்கம்னு தெரியல. நான் கட்டுக்குள்ள இருக்கறேன் சாமி, எனக்கு ரோடு தெரியாது. நீங்க எந்தக் கட்டைச் செமக்கறீங்க?"

பழனியப்பன் தொப்பியின் வாரை அவிழ்த்தார். தொப்பியை வாங்கி நான் மாட்டிக்கொண்டேன். நடுரோட்டில் நேரே பார்த்து நின்று, பத்தடி முன்னால் ரோட்டைக் கடக்கும்படி பாவாயியிடம் சொன்னேன்.

"இன்னொருக்காவா? ஒருக்காப் பொழச்சது பத்தலீங்களா?" என்றபடி நடந்தாள்.

காலடிச் சத்தம் கேட்டது. ஆள் இல்லை... சத்தம் நெருங்கியது. ஆள் இல்லை... பிறகு, தரையிலிருந்து முளைத்ததுபோல் ஒரு முழு மனுஷி எனக்கு நேர் எதிரே நின்றாள்.

இந்தக் கண்ணோடா ஆறு மைல் வந்தோம்? வழியில் எத்தனை பேர் தாமாக ஒதுங்கித் தம்மைக் காப்பாற்றிக்கொண்டார்களோ?

மறுநாள் இருவரும் சேலம் போனோம் – பஸ்ஸில். சேணக்காரர் பதறவில்லை.

"வேணும்னீங்க, தச்சேன். குதிரைக்குப் பக்கத்தை மறைக்கலாமுங்க. அதுக்கும் சேத்துப் பாக்கறதுக்கு வண்டியில ஒருத்தன் உக்காந்திருக்கறான். உங்க வண்டிக்கு யாருங்க இருக்கறது?"

பழனியப்பன் கத்தியைக் கேட்டு வாங்கினார். இரண்டு மறைப்புகளையும் அவரே அறுத்தார். இப்போது அவை என் மேஜைமேல் கிடக்கின்றன. தலையங்கம் எழுதும் நண்பர் எதற்கென்று விசாரித்தார். அவரிடம் ஏற்கெனவே ஒரு ஜோடி இருக்கிறது, தேவைப்படாது என்று சொல்லிவிட்டேன்.

நேற்று அதே ரோட்டில் அதே இடம். பழனியப்பன் வெறும் தொப்பியோடு வண்டியை நிறுத்தினார். தட்டுக்கட்டு ரோட்டைக் கடந்தது. பாதியில் நின்று, கட்டோடு உடம்பையே எங்கள் பக்கம் திருப்பிப் பார்த்தது.

"இப்பத்தானுங்க உங்க மூஞ்சி தெரியுது" என்றாள் பாவாயி.

தம்முடைய மறைப்பை அவர் அறுத்துவிட்டார். அவளுடையதை அவள் சுமந்துதான் ஆகவேண்டும் – ஆகவே அவளுக்கும் சேர்த்து அவர்தான் பார்க்கவேண்டும்.