பாட்டே வராத ரிசப்ஷன்

என் மாமாவை யாராவது "பெரிய கலைஞர்" என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். சொல்கிறவர்கள் யாரும் அவரோடு ஒரே வீட்டில் குடியிருந்தவர்கள் இல்லை.

அம்மாவின் தம்பி அவர். இன்ஜினியரிங் முடித்துவிட்டுக் கடலூரில் எங்கள் வீட்டுக் கீழறையில் வந்து தங்கினார். இரண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு பேண்டு ஆரம்பித்தார். அதில் பாடுகிறவர் கிடையாது, கிடார் கிடையாது. ஒரு லேப்டாப், ஒயர்கள் அடைத்த பிஸ்கட் டின், குறிஞ்சிப்பாடி நண்பர் தட்டுகிற பிளாஸ்டிக் குடம், அவ்வளவுதான். கிடைக்கிற சத்தத்தையெல்லாம் பதிவு செய்து, இழுத்து, நறுக்கி, அதற்குள் ஒரு தாளத்தை ஓடவிடுவார்கள். பிச்சாவரத்துக்குப் போய் மைக்கைப் பாலிதீன் பையில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கினார்கள். வீட்டில் குக்கரையும் விடவில்லை, தண்ணி மோட்டாரையும் விடவில்லை. "சத்தம் போடாதக்கா, சத்தம் எடுத்துக்கிட்டு இருக்கேன்" என்று அடுப்படியில் நின்று கத்துவார். சாம்பார் தாளிக்க அம்மா அவரிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

அப்போதுதான் சித்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. சிதம்பரத்தில் ரிசப்ஷன், அதில் நான் தனியாக ஆட வேண்டும். எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் என்னை எப்போதும் பின்வரிசையில்தான் நிறுத்துவார்கள். இதில் முன்வரிசையும் நான், பின்வரிசையும் நான். ஒரு சினிமாப் பாட்டை வைத்துக்கொண்டு மாலையானால் மாடியில் குதிப்பேன். வாடகைச் சலங்கையை அம்மா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டதால் வெறுங்காலில்தான் பழகினேன். கடைசியாகச் சுற்றும் இடத்தில் மட்டும் தவறாமல் தடுமாறுவேன். ஆத்திரத்தில் தரையை ஓங்கி ஓர் உதை விட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

"பாப்பா டான்ஸுக்கு மியூசிக் எங்க பேண்டுதான்" என்றார் மாமா. அந்தப் பாட்டைத்தான் வாசிக்கப் போகிறார் என்று நம்பினேன். பாவம், சித்தியும் நம்பினாள். ஒரு நாள் ஒத்திகைக்குக் கூப்பிடக் கீழே போனால், ஸ்டூல் மேல் ஏறி, சீலிங்கில் காசளவு எதையோ டேப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். "ஒத்திகையெல்லாம் வேணாம் பாப்பா, கெட்டுடும்" என்றார். மாமாவுக்குக் கிறுக்கு முற்றிவிட்டது என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

ரிசப்ஷன் அன்று பட்டுப்பாவாடை, ஜடை நிறையப் பூ, காலில் சலங்கையோடு மேடை நடுவில் நின்றேன். குக்கர் சீறியது. தண்ணீர் களகளத்தது. அப்புறம் தொம் தொம் என்று ஏதோ இடித்தது, குடம் கூடவே ஓடியது. சவுண்டு சர்வீஸ்காரர் பதறி ஓடிவந்து ஒயர்களைப் பிடுங்கிச் செருகினார். மைக் டெஸ்டிங் என்று நினைத்து ஜனங்கள் பந்திக்கு எழுந்து போனார்கள். நான் பாட்டு வரும் என்று காத்திருந்தேன்.

"மாமா, எங்க ஆரம்பிக்கிறது?"

"எங்க வேணா ஆரம்பி பாப்பா. காலு தானா வரும்."

எங்கே வந்தது? ஒரு காலைத் தூக்கினேன். எதற்குத் தூக்கினோம் என்று தெரியாமல் கீழே வைத்தேன். மாப்பிள்ளையின் பெரியப்பா மேடைக்கு வந்து, "டெஸ்டிங் போதும் தம்பி, எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று மரியாதையாகக் கேட்டபோது, கச்சேரியே முடிந்திருந்தது.

"உன்ன நம்பி புள்ளைய மேடையேத்துனேன் பாரு, என்னச் சொல்லணும்" என்று வேன் கடலூர் வந்து சேரும்வரை அம்மா திட்டினாள். மாமா மடியில் ஒயரைச் சுருட்டிக்கொண்டே வந்தார். ஆடாமல் இறங்கிய அவமானத்தில் நான் அவரோடு வெகுநாள் பேசவில்லை.

போன வருடம் பழைய பதிவுகளையெல்லாம் தேடியெடுத்து எனக்கு அனுப்பினார். அதில் அந்த ரிசப்ஷன் கச்சேரியும் இருந்தது. வேண்டா வெறுப்பாக ஹெட்போனை மாட்டினேன். குக்கர் வந்தது, பிச்சாவரத்துத் தண்ணீர் வந்தது, அப்புறம் அந்தத் தொம் தொம். ஒழுங்காகப் போய்க்கொண்டே இருந்தது, ஓரிடத்தில் தடுமாறி நின்றது. ஓங்கி ஓர் உதை. மறுபடி முதலிலிருந்து.

நான் குதித்த மாடிக்கு நேர் கீழே, அன்றைக்கு அவர் சீலிங்கில் ஒட்டியது மைக். உடனே போன் போட்டுக் கத்தினேன். முன்னாடியே சொல்லித் தொலைத்தால் என்ன மாமா?

"ஒன் காலு, ஒனக்குத் தெரிஞ்சிடும்னு நெனச்சேன்" என்றார்.

சலங்கை கட்டாத காலின் சத்தம் பத்து வயதுக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? தாளத்தைக் காணோம் என்று அழுகையை அடக்கிக்கொண்டு நான் மேடையில் நின்ற நேரமெல்லாம், ஸ்பீக்கருக்குள் நான்தான் ஆடிக்கொண்டிருந்தேன்.