பிறந்த வீட்டுக் கோடியும் ஒன்றரை மணி நேரமும்

அக்கா இறந்த செய்தி மாலை நான்கு மணிக்கு வந்தது. தூத்துக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். எங்களில் பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை வர வேண்டும். கோடி என்போம். அதைப் போர்த்திய பிறகுதான் தூக்குவார்கள். பிறந்த வீட்டில் மிச்சம் நான் ஒருத்திதான்.

உடனே பஸ் ஏறினால் விடியும்போது அங்கே இருக்கலாம். ஆவடி ஃபேக்டரியில் வேலை செய்யும் என் மகன் ஒப்பவில்லை.

“இன்னாமா, பஸ்ல போய் இடுப்ப ஒடச்சிக்கினு. காலைல பிளைட்டு. ஒண்ணரை மணி நேரம்தான்.”

அக்கா மகளுக்கும் போனில் அதையே சொன்னான். பன்னிரண்டுக்கு வந்துவிடுவோம் என்றான். அவர்கள் ஒரு மணிக்குத் தூக்குவதாக வைத்துக்கொண்டார்கள்.

அன்று ராத்திரியே கடைக்குப் போய் கோடி வாங்கினேன். அதை மடியில் வைத்துக்கொண்டு போகத்தான் நினைத்தேன்.

“சாவு சேலைய கைல வெச்சிக்கினு போனா பக்கத்துல ஒக்காறவன் மூஞ்சி சுளிப்பான்மா. பெரிய பைல போடு.”

போட்டேன். ஏன் போட்டேன் என்று நினைத்தால் இன்றும் என் மீதே அருவருப்பாக இருக்கிறது.

காலை ஆறு மணிக்குப் பருத்திப்பட்டில் வீட்டைப் பூட்டினோம். பூந்தமல்லியில் கார் நகரவில்லை. ஏர்போர்ட்டில் எதற்கெடுத்தாலும் ஒரு வரிசை. பத்து மணிக்கு ஏறி உட்கார்ந்த பிறகு விமானம் ஒரு மணி நேரம் தரையிலேயே நின்றது. பின்னால் இருந்தவர் ஷூவைக் கழற்றிவிட்டார். அந்த நாற்றத்தில் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மகனோ பக்கத்தில் இருந்தவரிடம் பஸ்ஸில் போகிறவர்களைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

இறங்கியபோது எல்லார் பையும் வந்தது. எங்கள் பை வரவில்லை. வீட்டுக்கே அனுப்பிவிடுவதாக ஒரு பெண் சிரித்த முகமாகச் சொன்னாள்.

கிராமத்துக்குக் காரில் போகும் வழியில் ஒரு ஜவுளிக்கடையைப் பார்த்தேன். நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேறு சேலை வாங்கியிருக்கலாம். டிரைவர் முன்பின் தெரியாத ஆள்; வாய் வரவில்லை. கடை பின்னால் போய்விட்டது.

அக்காவைக் குளிப்பாட்டி வைத்துக் காத்திருந்தார்கள். மணி இரண்டாகப் போகிறது.

“சித்தி, கோடி எங்க?” என்றாள் அக்கா மகள்.

“பைல வந்துகினு கீது,” என்றான் என் மகன்.

கூட்டத்தில் ஒரு கிழவி சொன்னாள்: “பிளேன்ல வந்தவுக கைய வீசிட்டு வந்திருக்காவ.”

அக்காவின் மருமகளுக்குத் தீபாவளிக்கு எடுத்து, கட்டாமல் வைத்திருந்த சேலையைப் போர்த்தினார்கள். பிறந்த வீட்டு நூல் ஒன்றுகூட இல்லாமல் அக்கா போனாள்.

மூன்றாம் நாள் நாங்கள் வீடு திரும்பியபோது பை வாசலில் கிடந்தது. சேலையோடு வைத்த மல்லிகை அழுகி, துணியில் பழுப்பாக ஒட்டியிருந்தது. செத்தவளுக்கு எடுத்ததை யாரும் கட்ட முடியாது. பீரோவின் அடியில் கிடக்கிறது.

போன வாரம் பக்கத்து வீட்டம்மா திருநெல்வேலிக்குப் போக வேண்டும் என்றாள்.

“தூத்துக்குடிக்கு பிளைட்ல போய்டுக்கா. ஒண்ணரை மணி நேரம்தான்,” என்றான் என் மகன்.

நான் சாதாரணமாக வெளியாள் இருந்தால் பேசமாட்டேன்.

“சேலைக்கு மூணு நாள்,” என்றேன்.

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.