பம்பரில் படிந்த வெள்ளை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் கணவர் ஒரு சின்னக் கார் வாங்கினார். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் ஒன்றை அவர் நடத்திவந்தார். கார் சிவப்பு. முன்னும் பின்னும் கறுப்பு பிளாஸ்டிக் பம்பர், கதவுகளில் அதே கறுப்பில் ஒரு பட்டை. அதற்கு முன் எங்கள் தெருவில் நின்ற கார்களுக்கெல்லாம் இரும்பு பம்பர்தான். பிளாஸ்டிக் பம்பரை எப்படிப் பராமரிப்பது என்று கேட்க ஆள் கிடையாது. அவர் கேட்கிற ஆளும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காரைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் அவர் குளிப்பார். துடைக்கத் துணிக்குப் பஞ்சமில்லை. தறியில் கழிந்த பேண்டேஜ் துணியைச் சுருள் சுருளாகக் கொண்டுவந்து வைத்துக்கொள்வார். தூரத்தில் இருந்து பார்த்தால் அடிபட்டவருக்குக் கட்டுப்போடுவதுபோல இருக்கும்.

மதுரைக்குப் போய்வந்தபோது காருக்குப் போடும் மெழுகு ஒரு டப்பா வாங்கிவந்தார். கண்ணாடியும் சக்கரமும் தவிர எல்லா இடத்திலும் பூசினார். காயவிட்டுத் துடைத்ததும் கதவில் முகம் தெரிந்தது. பம்பர் மட்டும் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்திருந்தது.

“என்னங்க இது?”

“இன்னும் காயலட்டி. செத்த நேரம் கழிச்சுப் பாரு.”

செத்த நேரம் கழித்துப் பார்த்தேன். இன்னும் நன்றாக வெளுத்திருந்தது.

பம்பரின் மேல்பரப்பு சொரசொரப்பாக, பொடிப்பொடிப் பள்ளங்களோடு இருக்கும். மெழுகு அந்தப் பள்ளங்களில் போய் உட்கார்ந்துகொண்டது. சோப்புப் போட்டார். பல் துலக்கும் பிரஷால் தேய்த்தார். மண்ணெண்ணெய் தடவினார். தேங்காய் எண்ணெய் தடவியபோது அரைநாள் கறுப்பாக இருந்தது. பிறகு ரோட்டுப் புழுதி முழுவதும் அதில் ஒட்டிக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் என் நாத்தனாருக்கு ஒரு வரன் வந்தது. அவள் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மாப்பிள்ளை ஓர் இன்ஜினியரிங் ஒர்க்‌ஷாப்பில் வரைபடம் போடுகிறவர். அவர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். வெள்ளிக்கிழமை அங்கே கோவிலில் வைத்துப் பெண் பார்ப்பது என்று பேச்சு.

“இந்தக் கோலத்துல வண்டியக் கொண்டு போக முடியாது,” என்றார் என் கணவர்.

“அவிய பொண்ணத்தான பாக்க வாராக?”

“ரெண்டையுந்தான் பாப்பாக.”

வெள்ளிக்கிழமை காலையில் கறுப்பு ஷூ பாலிஷை எடுத்து, ஷூ பிரஷாலேயே இரண்டு பம்பரையும் தேய்த்தார். பொய் சொல்லக்கூடாது, புது வண்டிபோல இருந்தது.

கோவிலில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று மாமியார் சொல்லியிருந்தபடி நாத்தனாரும் நடந்துகொண்டாள். வெளியே வந்து காருக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். நல்ல வெயில். மாப்பிள்ளையின் அப்பா காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “வண்டிய நல்லா வச்சிருக்கீக தம்பி,” என்றார். பிறகு காரின் முன்பக்கத்தில் வாகாகச் சாய்ந்துகொண்டு ஜாதகம் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவர் கட்டியிருந்தது சலவை வேட்டி.

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் மாமியாரைப் பார்த்தேன். மாமியார் கோபுரத்தைப் பார்த்தார்.

“மாமா, செத்த இங்கிட்டு வாங்க,” என்றாள் நாத்தனார். “பம்பர்ல எங்கண்ணன் ஷூ பாலிஷ் போட்டிருக்காரு.”

அவர் நகர்ந்து வந்து திரும்பிப் பார்த்தார். வேட்டியில், முழங்காலுக்குப் பின்னால், கறுப்பாக ஒரு பட்டை.

“ஷூ பாலிஷா? கார்லயா?”

“ஆமா மாமா.”

“எதுக்கு?”

என் கணவர் மதுரையில் மெழுகு வாங்கியதில் தொடங்கி ஒன்று விடாமல் சொன்னார். யாரும் அவ்வளவு கேட்கவில்லை. மாப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

“சொல்லி அனுப்புறோம்,” என்றார்கள்.

திரும்பி வரும்போது என் கணவர் தங்கையிடம், “நீ பேசாம இருந்திருக்கலாம்ல?” என்றார்.

“பேசாம இருந்தா? அவரு அப்பிடியே ரத வீதி பூரா நடந்து வீட்டுக்குப் போவாரு. அது பரவாயில்லையா?”

அவர் கியரை மாற்றினார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து தகவல் எதுவும் வரவில்லை. மாமியார் கடைக்குப் போகக்கூட அந்தக் காரில் ஏறவில்லை. இடையில் பெய்த மழையில் பாலிஷ் கரைந்து வெள்ளை மறுபடி தெரிந்தது. இந்த வரன் போய்விட்டது என்று நான் முடிவுசெய்துவிட்டேன். நாத்தனார் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். வழக்கத்தைவிட நிறையப் பேர் பெயிலானார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளை மட்டும் பஸ் ஏறி வந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். பால்கோவா என்று நினைத்து மாமியார் தட்டு எடுக்கப் போனார். பிரித்தால் உள்ளே அழிரப்பர்கள்.

“எங்க ஆபீஸ்ல ஒரு பிளாஸ்டிக் பெட்டில இதே மாதிரி மெழுகு ஏறிருச்சு, அண்ணாச்சி. ரப்பர் போட்டு அழிச்சதும் போயிருச்சு. செஞ்சு பாப்பமா?”

கல்யாண விஷயத்தைக் கேட்பதா வேண்டாமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. என் கணவர் அவரை நேரே காரிடம் கூட்டிப்போனார். ரப்பரை அழுத்தித் தேய்த்ததும் வெள்ளை திரிதிரியாக உதிர்ந்து, அடியில் கறுப்பு தெரிந்தது. ஆனால் மெதுவான வேலை. கொஞ்ச நேரம் தேய்த்துப் பார்த்த என் கணவர், பானட்டைத் துடைக்கப் போய்விட்டார். நாத்தனார் வந்து தானும் ஒரு ரப்பரை எடுத்துக்கொண்டு பம்பருக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

“அவள உள்ள வரச்சொல்லு,” என்றார் மாமியார்.

“இருக்கட்டும் அத்தை. எம்புட்டு வேலை கெடக்கு,” என்றேன்.

காப்பி கொண்டுபோனபோது அவர்கள் பேச்சு காதில் விழுந்தது.

“கல்யாணத்துக்குப் பொறவும் நான் வேலைக்குப் போவேன். உங்க அப்பாகிட்டச் சொல்லிட்டீகளா?”

“இல்ல.”

“எப்பச் சொல்லுவீக?”

“இந்த மூலைய முடிச்சிட்டு.”

“வெளையாடாதீக.”

“இன்னைக்குச் சாயந்திரம் சொல்லிருதேன்.”

சாயந்திரமே சொல்லிவிட்டார். அவர் அப்பா கொஞ்ச நாள் யாரிடமும் முகங்கொடுத்துப் பேசவில்லையாம். பிறகு ஒருநாள் தானாகவே பஸ் ஸ்டாண்டுக்குப் போய், பள்ளிக்கூடம் தொடங்குவதற்குள் ராஜபாளையம் போய்ச் சேர எந்த பஸ் தோது என்று விசாரித்துவிட்டு வந்திருக்கிறார். சம்மதம் என்று அவர் வாயால் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆவணியில் கல்யாணம் நடந்தது.