விசாவுக்கு முந்திய மொட்டை

கன்சல்டன்சி வேலை என்பது, அடுத்தவர் விமானம் ஏறும்வரை நம்மைத் தூங்கவிடாத வேலை. எங்காவது முன்மேசையில் உட்கார்ந்து விண்ணப்பப் பாரம் வாங்கியவர்களுக்கு இது புரியும். நான் எட்டாவதோடு நின்றவள். அமெரிக்க கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு திருப்பதி கன்சல்டன்சியில் பல வருஷம் இருந்தேன். தலைக்கு மேலே ஃபேன், இன்ஜினியர்களே எழுந்து நின்று சொல்லும் வணக்கம், எல்லாம் உண்டு. நிம்மதிதான் கிடையாது.

மூன்று தடவை

பாலசமுத்திரத்து முனிரத்தினம் அவன் வீட்டில் முதல் பட்டதாரி. கம்ப்யூட்டர் படிப்பில் முதல் வகுப்பு. ஆனால் பாரத்தில் அப்பா பெயர் கேட்ட இடத்தில் ஊர்ப் பெயரை எழுதிவிட்டான். எந்தப் பாரமானாலும் நான் மூன்று தடவை பார்ப்பேன். மூன்றாவது தடவைதான் அது கண்ணில் பட்டது. புதுப் பாரம் கொடுத்து, திட்டித் திட்டி எழுதவைத்தேன். பேனாவை மூடிவிட்டுச் சொன்னான்: "யக்கா, எங்க நைனாகூட என்ன இவ்ளோ திட்னதில்ல."

அட்வான்ஸ்

புதன்கிழமை சென்னையில் அவனுக்கு விசா இண்டர்வியூ. அந்தத் தேதி தவறினால் அமெரிக்கக் கம்பெனி வேறு ஆளை எடுத்துக்கொள்ளும். திங்கள் காலை வந்து நிற்கிறான், மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு. பாஸ்போர்ட் படத்திலோ சுருட்டை முடி, கத்தை மீசை. விசா வந்தால் முடி கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொள்ளச் சொன்னதே நான்தான்.

"வந்தப்புறம்தானேடா குடுக்கச் சொன்னேன்?" என்றேன்.

"எல்லாரும் வந்தப்புறம்தான் குடுக்கறாங்கக்கா. முன்னாடியே குடுத்துட்டா, சாமியால மாட்டேன்னு சொல்ல முடியாதில்ல?"

எந்த மொட்டை

புத்தூரில் நாடகக்காரர்களிடம் விக் வாங்கி மாட்டலாம் என்றார் மேனேஜர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. "பொய் முடி கையோட வந்துச்சுன்னா, சர்ட்டிபிகேட்டும் பொய்னுதான் சார் நெனைப்பாங்க. இருக்கறத இருக்கறபடி சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு, மொட்டைத் தலையோடு புதுப் படம் எடுக்க அவனை ஸ்டூடியோவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். சாயங்காலம் வாங்கப் போனால், கடைக்காரர் ஒரு கட்டுப் படங்களை என் முன்னால் பரப்பினார்.

"இன்னிக்கி எடுத்தது பூரா மொட்டதாம்மா. உங்க மொட்ட எதுன்னு நீங்களே பாத்து எடுத்துக்குங்க."

யார் செய்தது

புதன்கிழமை காலையிலிருந்து போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் சென்னையிலிருந்து முனிரத்தினம் போன் செய்தான். "விசா ஆபீசரு பாஸ்போர்ட்டப் பாத்தாரு, தலையப் பாத்தாரு. புதுப் படத்த நீட்னேன். 'திருப்பதி?'ன்னாரு. ஆமான்னேன். சிரிச்சிட்டு கம்ப்யூட்டர் கேள்விக்குப் போய்ட்டாரு. குடுத்துட்டாங்கக்கா!"

மறுநாள் அவன் அம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஆபீசுக்கு வந்தாள். விக் வேண்டாமென்று நான் மேனேஜரையே எதிர்த்து நின்ற கதையை, கொஞ்சம் நீட்டியே சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"நீ இன்னாம்மா பண்ண? எல்லாம் மேல இருக்கறவரு பண்ணது."

விசா வந்தால் பெருமாள் கொடுத்தார், வராவிட்டால் கன்சல்டன்சிக்காரி கெடுத்தாள் என்பதை மட்டும் ஏற்றுக்கொண்டுவிட்டால், இதைவிட நல்ல வேலை திருப்பதியில் கிடையாது.